விவசாயிகள் சங்கத்தை நடத்துவது எப்படி? வேலூர் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டானது. அதில் வேலூராக நின்ற பகுதி 2019-ல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. கலெக்டர் ஆபீஸ்கள் கூடின. ஆனால் நம்முடைய குறைகள் அதே பாலாற்றங்கரையில்தான் இருக்கின்றன. அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்துக் கூட்டங்களில் புதிதாகச் சங்கப் பொறுப்புக்கு வருபவர்கள் கேட்கிற கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சங்கத் தலைவருக்கு உண்மையில் என்ன வேலை?

பச்சைத் துண்டும் மைக்கும் வெளியில் தெரிகிற பகுதி. அதற்கு முந்தின வேலைதான் பெரியது. ஊரில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லும் குறையைக் கேட்டு, அதில் எது எல்லோருக்கும் பொதுவானது, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் போனால் பயன்படும் என்று பிரித்தெடுப்பவர்தான் தலைவர். இது தெரியாதவர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும், "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரிப் பதிலோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

சொந்தமாகப் பயிர் வைப்பவர்தான் தலைவராக இருக்க வேண்டுமா?

என் கருத்து, ஆமாம். சட்டம் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் இந்த நவரை நெல் பட்டத்துக்கு நடவுக் கூலி என்ன, கரும்பு வெட்டுக்கு டன்னுக்கு எவ்வளவு கேட்கிறார்கள், பொட்டாஷ் மூட்டை என்ன விலை என்று அதிகாரி குறுக்கே கேட்டால் பதில் உடனே வர வேண்டும். தன் கையிலிருந்து அந்தப் பணத்தைக் கொடுத்தவருக்கு அது வரும். குத்தகைக்கு ஓட்டுபவராக இருந்தாலும் சரி, அரை ஏக்கர் காய்கறி போடுபவராக இருந்தாலும் சரி.

ஒரு குறையை எங்கே கொண்டு போவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பாதி மனுக்கள் தவறான மேஜையில்தான் செத்துப்போகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். மதகு உடைந்திருக்கிறது, கால்வாய் தூர்ந்திருக்கிறது என்று எழுதுகிறோம். அந்த ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கால்வாயை யாராவது மடக்கிப் போட்டிருந்தால் அளந்து காட்ட வேண்டியது வருவாய்த் துறை. ஒரே ஏரிக்கு மூன்று மேஜை. எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஆகவே மூன்று தனி மனு எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மற்ற இரண்டின் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள்.

கரும்பில் இன்னும் சிக்கல். வெட்டு உத்தரவு தாமதமானால் ஆலையின் கரும்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். டன்னுக்கு மாநில அரசு தரும் சிறப்பு ஊக்கத்தொகை வரவில்லை என்றால் அது சென்னை விஷயம். விலையே போதவில்லை என்றால் டெல்லி. அம்முண்டி சர்க்கரை ஆலை வாசலில் உட்கார்ந்து டெல்லியில் முடிவாகும் விலைக்காகக் கோஷம் போட்டால், அந்த ஆலை நிர்வாகம் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

யூரியா தட்டுப்பாட்டுக்கு வேளாண்மை இணை இயக்குநர். கூட்டுறவுப் பயிர்க்கடன் இழுத்தடிப்புக்குக் கூட்டுறவு இணைப் பதிவாளர். காட்டுப்பன்றிக்கு வனத்துறை. எந்த மேஜை என்று தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "இந்தப் பணிக்குப் பொறுப்பான அலுவலர் யார், இதற்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் தாளே அடுத்த மனுவுக்கு அடிப்படை ஆகிவிடும்.

கரும்பு விலையை டெல்லி முடிவு செய்கிறது என்றால், வேலூர் விவசாயி அதில் என்ன செய்ய முடியும்?

முதலில் அந்த விலை எப்படி வருகிறது என்று கணக்காகப் புரிந்துகொள்ள வேண்டும். வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்கிறது, மத்திய அமைச்சரவைக் குழு அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். செய்தியில் இந்த எண்தான் வரும். ஆனால் அது சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு, 10.25 சதவீதம் இருந்தால் கிடைக்கும் விலை. கட்டுமானம் ஒவ்வொரு 0.1 சதவீதம் குறையும்போதும் 3 ரூபாய் 46 காசு குறையும். 9.5-ம் அதற்குக் கீழும் என்றால் 329 ரூபாய் 5 காசு.

டன்னுக்குப் பார்த்தால் 3,550-க்கும் 3,290.50-க்கும் உள்ள வித்தியாசம் 259 ரூபாய் 50 காசு. ஏக்கருக்கு 40 டன் எடுப்பவருக்கு 10,380 ரூபாய் போகிறது. இந்த அடிப்படைக் கட்டுமானம் ஒரு காலத்தில் 8.5 சதவீதமாக இருந்தது. பிறகு 9, 9.5 என்று ஏறி, 2018-19-ல் 10 ஆகி, 2022-23-ல் 10.25 ஆனது. விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம், அடிப்படை ஏறியதைப் பேசியவர்கள் குறைவு. "விலையை உயர்த்து" என்று மட்டும் கேட்காமல் "அடிப்படைக் கட்டுமானத்தை இறக்கு" என்றும் கேட்கிற சங்கம்தான் விஷயம் தெரிந்த சங்கம்.

அப்புறம், ஆணையம் விலையைப் பரிந்துரைப்பதற்கு முன் விவசாயிகள் அமைப்புகளிடம் கருத்துக் கேட்கிறது. அங்கே நேரடியாகப் போக முடியாவிட்டாலும் மாநில அளவிலான சங்கம் வழியாக எழுத்தில் கொடுக்கலாம். சாகுபடிச் செலவுக் கணக்கைத் தமிழ்நாட்டில் திரட்டுவது வேளாண்மைப் பல்கலைக்கழகம். தேர்ந்தெடுத்த ஊர்களில் விவசாயிகளிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறார்கள். அப்படிக் கணக்கெடுக்க வரும்போது, வீட்டு ஆட்களின் உழைப்பு, வெட்டுக் கூலி, வண்டிச் செலவு எதையும் விடாமல் சொல்ல வேண்டும். அங்கே விட்டுப்போன செலவு எந்த விலையிலும் சேராது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-ல் உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்துக் குறைந்தபட்ச ஆதரவு விலை தரச் சொன்னது. எதைச் செலவாக எடுத்துக்கொள்வது என்பதுதான் இன்றுவரை நடக்கும் சண்டை. கையிலிருந்து போன பணமும் குடும்ப உழைப்பும் மட்டுமா, சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் முதலீட்டு வட்டியும் சேருமா என்பதில்தான் வித்தியாசமே. சங்கத்துக்காரருக்கு இந்த இரண்டு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலை பணத்தை இழுத்தடித்தால் வட்டி கேட்கலாமா?

கேட்க வேண்டும். 1966-ம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு இறக்கிய 14 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. 40 டன்னுக்கு 3,290.50 வீதம் 1,31,620 ரூபாய். மூன்று மாதம் தள்ளிப்போனால் வட்டி மட்டும் ஏறத்தாழ 4,936 ரூபாய். நிலுவை கேட்டுக் கொடுக்கும் மனுவில் இந்த வரியையும் சேர்த்து எழுதுங்கள். கேட்காத வட்டியை எந்த ஆலையும் தானாகக் கொடுக்காது.

நெல்லில் சங்கம் என்ன செய்ய முடியும்?

விலையில் குறைவு, கொள்முதலில் நிறைய. 2025-26-ல் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். இந்த விலை நேரடி கொள்முதல் நிலையம் திறந்திருந்தால்தான் கைக்கு வரும். நம் பக்கத்து நவரை, சொர்ணவாரிப் பட்டங்கள் டெல்டாவின் குறுவை, சம்பா, தாளடியோடு ஒத்துப்போகாது. எனவே எந்த வாரத்தில் எந்த ஊரில் எத்தனை ஏக்கர் அறுவடைக்கு வரும் என்று ஒரு மாதம் முன்பே பட்டியல் கொடுப்பது சங்கத்தின் வேலை. வி.ஏ.ஓ.வின் பயிர்க் கணக்கான அடங்கலோடு ஒத்துப்போகிற பட்டியலாக இருந்தால் அதிகாரிகளும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நிலையத்தில் நடப்பதை எழுதி வைப்பது. எங்கள் பக்கத்தில் ஓர் ஊர்க்காரர்கள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். டிராக்டர் வந்த தேதி, குவித்த இடம், ஈரப்பதம் அளந்த நேரம், மீட்டர் காட்டிய எண், எத்தனை 40 கிலோ சிப்பம், எடை போட்ட தேதி. கடைசிக் கட்டத்தில் "குறிப்பு" என்று எழுதி, தார்ப்பாய் போட்டும் நனைந்த இரண்டு இரவுகளையும் அதில் சேர்த்திருந்தார்கள். குறைதீர் கூட்டத்தில் "எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது" என்று பதில் வந்தபோது, அவர்களில் ஒருவர் எழுந்து அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். மூன்றாவது பக்கம் வருவதற்குள், அதை நகலெடுத்துத் தரச் சொன்னார்கள். ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழைக்காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லும் கோரிக்கை மத்திய அரசு வரை போகும். அதற்கும் இந்த மாதிரி நோட்டுதான் சாட்சி.

சங்கம், கூட்டுறவு, உற்பத்தியாளர் நிறுவனம் என்று பல இருக்கிறதே. எதில் சேருவது?

மூன்றும் மூன்று வேலை. உரிமை கேட்கவும் போராடவும் விவசாயிகள் சங்கம். 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். கடனுக்கும் உரத்துக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். விளைந்ததைச் சேர்த்து விற்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். பத்து விவசாயிகளும் குறைந்தது ஐந்து இயக்குநர்களும் இருந்தால் இதைத் தொடங்கலாம். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 நிறுவனங்கள் திட்டத்தில் உதவி பெற, சமவெளியில் 300 உறுப்பினர் வேண்டும்.

பலரும் மறந்துபோகும் நான்காவது ஒன்று, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம். 2000-ம் ஆண்டுச் சட்டப்படி ஆயக்கட்டு விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. மோர்தானா அணையின் இடது, வலது கால்வாய்களில் எப்போது தண்ணீர் விடுவது, எந்த ஏரியை முதலில் நிரப்புவது என்ற பேச்சில் இவர்களுக்குச் சட்டப்படியான இடம் உண்டு. அரசியல் மேடையை விட இந்தப் பதவிக்கு மதிப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரே ஆள் நாலிலும் தலைவராக இருப்பது மட்டும் வேண்டாம். நிறுவனத்துக்கு அரசு மானியம் கேட்டு நிற்பவரால் மறுநாள் அதே அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டம் செய்ய முடியாது.

மனு கொடுத்தால் நடக்குமா, மறியல் செய்தால்தான் நடக்குமா?

விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தைப் பாருங்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-களின் தொடக்கத்தில் அவர் நடத்திய போராட்டங்களில், 1972-ல் கோவை நகரத்தையே மாட்டு வண்டிகள் நிறைத்தன. துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிர் விட்டார்கள். அவர் 1984-ல் மறைந்தார். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது 1990-ல். இன்று நம் கிணற்று மோட்டார் கட்டணமின்றி ஓடுவதற்குப் பின்னால் இருபது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. வீதிப் போராட்டம் இல்லாமல் அது வந்திருக்காது.

ஆனால் வீதிக்குப் போகும் முன் தாள் தயாராக இருக்க வேண்டும். 2023-ல் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த செய்யாறு அருகே மேல்மா பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து நூறு நாளுக்கு மேல் காத்திருப்புப் போராட்டம் நடத்திய விவசாயிகளில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. தமிழ்நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்ததும் ஆறு பேர் மீதான ஆணை சில நாட்களிலேயே ரத்தானது. விளைநிலத்தைக் காக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சட்டம் எந்த நாளும் பொருந்தாது. இப்படி ஒரு நிலை வந்தால் வழக்கறிஞர், ஜாமீன், வீட்டில் ஆடு மாடு பார்க்க ஆள் என்று எல்லாவற்றுக்கும் சங்கம் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஆளைக் கூட்டி முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் கைவிடும் தலைமை தலைமையே இல்லை.

பாலாறு, தோல் தொழிற்சாலைக் கழிவு: இத்தனை ஆண்டு பேசி என்ன கிடைத்தது?

கேட்பவர்களின் கோபம் நியாயமானது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வழியாகக் கிணறுகள் உப்பாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வு அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவர்தான் ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியாக நிலைபெற்றது அந்தத் தீர்ப்பில்தான். இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியிலும் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். பாதிக்கப்பட்ட நிலங்களுக்கு இழப்பீடு கணக்கிட ஒரு ஆணையமும் வந்தது.

இழப்பீடு எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை, மாசும் நிற்கவில்லை. மறுபடி வழக்கு, மேல்முறையீடு என்று நீண்டு, 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது. விடுபட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும், கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்றது.

இதில் சங்கங்கள் செய்ய வேண்டியது தெளிவாக இருக்கிறது. உங்கள் ஊரில் யார் யார் இழப்பீடு வாங்கினார்கள், யார் விடுபட்டார்கள், பட்டா யார் பெயரில் மாறியிருக்கிறது, வாரிசுகள் எங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். 1996-ல் நிலம் வைத்திருந்தவர்களில் பலர் இன்று இல்லை. கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடத்தில் பரிசோதித்து, அறிக்கையைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

ஆந்திரா தடுப்பணை விஷயத்தில் சங்கம் தலையிட முடியுமா?

அது இரண்டு மாநில அரசுகளின் வழக்கு. பாலாறு 1892-ம் ஆண்டு மைசூர்–சென்னை ஒப்பந்தத்தில் இருக்கிற ஆறு. 2016-ல் ஆந்திரா புல்லூர் பக்கம் தடுப்பணையை உயர்த்தியபோது தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. நம் பக்கத்து வேலை, வருகிற வெள்ளத்தை ஏரிகளில் பிடிப்பது. காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகும் கால்வாய் தூர்ந்து கிடக்க, ஆந்திராவை மட்டும் பேசிப் பயனில்லை.

காட்டுப்பன்றிக்குத் தீர்வு கிடைத்ததா?

பாதி. பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் பக்கம் நிலக்கடலையும் கரும்பும் போட்டவர்களுக்கு இது தினசரித் தொல்லை. பல மாவட்டச் சங்கங்கள் தொடர்ந்து கேட்டதன் பிறகு 2025 ஜனவரியில் மாநில அரசு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு அப்பால் வனத்துறை சுடலாம். நம் நிலங்களில் பெரும்பகுதி காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் உங்கள் சர்வே எண் இந்த மூன்றில் எந்தத் தூரத்துக்குள் வருகிறது என்று வரைபடத்தோடு கேளுங்கள், பயிர்ச் சேத இழப்பீட்டையும் விடாதீர்கள்.

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததால் எனக்கு என்ன?

2023 பிப்ரவரியில் கிடைத்த குறியீடு அது. தனி ஆள் விண்ணப்பித்தால் இந்தக் குறியீடு தர மாட்டார்கள், உற்பத்தியாளர்களின் அமைப்போ சட்டப்படி அமைந்த ஓர் அமைப்போதான் கேட்க முடியும். அமைப்பாகச் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கும் நல்ல சான்று இது. ஆனால் கிடைத்ததோடு முடியவில்லை. ஒவ்வொரு விவசாயியும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் டோல்கேட் உழவர் சந்தையில் மற்றக் கத்தரியோடு கொட்டி விற்றால் பழைய விலைதான்.

கட்சியில் இருப்பவர் சங்கத் தலைவராகலாமா?

ஆகலாம். ஆனால் தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போதும் அதே மனுவை அதே குரலில் கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

பெண்களும் குத்தகைதாரர்களும் ஏன் கூட்டங்களில் குறைவாக இருக்கிறார்கள்?

உறுப்பினர் படிவத்திலேயே அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம். பல சங்கங்களில் சிட்டா நகல் கேட்கிறார்கள். நாற்று விடுவதிலிருந்து களை, அறுவடை, காயவைப்பது வரை செய்பவர் வீட்டுப் பெண், சிட்டாவில் இருப்பது மாமனார் பெயர். குத்தகைக்கு ஓட்டுபவரிடம் எழுத்தே இருக்காது. 1969-ம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருந்தும் பதிந்தவர்கள் சொற்பம். உங்கள் துணை விதியில் "பயிர் செய்பவர்" என்று மாற்றி எழுதுங்கள், இரண்டு பக்கத்து நிலத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வையுங்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வைக்காதீர்கள், பால் கறக்கும் நேரத்திலும் வைக்காதீர்கள். ஒடுகத்தூர் பக்கத்தில் நான் பார்த்த ஒரு கூட்டத்தில், காட்டுப்பன்றி எந்த வரப்பு வழியாக எத்தனை மணிக்கு வருகிறது என்று துல்லியமாகச் சொன்னது ஒரு வயதான அம்மாதான். இரவுக் காவல் அவர்தான் இருக்கிறார்.

மாநில வேளாண் நிதிநிலை அறிக்கையில் நம் கோரிக்கை இடம்பெறுமா?

2021 ஆகஸ்ட் 14 முதல் தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. அதற்கு முன் விவசாயிகளிடம் கருத்துக் கேட்கிறார்கள். அங்கே முப்பது கோரிக்கை கொண்டு போகாதீர்கள். இரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை விவசாயி பயன்பெறுவார், எந்தத் திட்டத்தின் கீழ் வரும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "தென்பெண்ணை–பாலாறு இணைப்பு வேண்டும்" என்பது போன்ற பெரிய கோரிக்கையோடு, "எங்கள் ஒன்றியத்துக்கு ஒரு உலர்களம் வேண்டும்" என்ற சின்னதையும் வையுங்கள். சின்னது சீக்கிரம் கிடைக்கும், உறுப்பினர்களுக்கு நம்பிக்கை வரும்.

மாவட்டக் குறைதீர் கூட்டத்துக்கு முதல்முறை போகிறேன். என்ன கொண்டு போக வேண்டும்?

மனு மூன்று நகல். ஒன்று கொடுக்க, ஒன்று துறை அதிகாரிக்கு, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ள. முதல் பத்தியிலேயே ஊர், வட்டம், சர்வே எண், எத்தனை பேர் பாதிப்பு என்று வந்துவிட வேண்டும். போட்டோ இருந்தால் தேதியோடு. போன மாதக் கூட்டத்தில் உங்கள் ஊருக்குக் கொடுத்த பதிலின் நகல் இருந்தால் கட்டாயம். சீக்கிரம் போய்ப் பெயர் கொடுங்கள். பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வாருங்கள். பதில் சொல்லும் அதிகாரியின் பெயரையும், அவர் சொன்ன தேதியையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும், வராத உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அதை அப்படியே அனுப்பிவிடுங்கள். அடுத்த மாதம் வேறொருவர் போனாலும் அந்தத் தேதியைச் சொல்லியே கேட்க முடியும்.